என்பிஏ சீசன் விருதுகளைக் கணிப்பது: வாக்குச்சீட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: வீரர்களின் புள்ளிவிவரங்களை எல்லாம் அட்டவணை போட்டு, யார் சிறந்தவர் என்று கணக்கிட்டுப் பார்த்தாலும், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் விருதுக் கணிப்புகள் அடிக்கடி ஏன் தப்பிப்போகின்றன? சீசன் நடக்கும்போது எதை, எப்போது கவனிக்க வேண்டும்?

யார் சிறந்த வீரர் என்பது ஒரு கேள்வி. ஏப்ரல் நடுவில் 100 பத்திரிகையாளர்கள், வர்ணனையாளர்கள் தங்கள் வாக்குச்சீட்டில் யார் பெயரை எந்த இடத்தில் எழுதுவார்கள் என்பது வேறு கேள்வி. விருது இரண்டாவது கேள்விக்கான விடை. புள்ளிவிவர அட்டவணை முதல் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. ஆனால் அந்தப் பதிலை அப்படியே இரண்டாவதன் மேல் ஒட்டினால் ஒட்டாது. எனவே வாக்கு எப்படிப் போடப்படுகிறது, எப்படி எண்ணப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க வீரர்) விருதை 1979-80 சீசன் வரை வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1980-81 முதல் அது ஊடகத்தார் கையில் இருக்கிறது. இந்த ஒரு மாற்றம் கணிப்பவருக்கு மிக முக்கியம். 1975-76இல் லேக்கர்ஸ் அணி 40 வெற்றி, 42 தோல்வியோடு பிளேஆஃபுக்கே (ரெகுலர் சீசன் முடிந்ததும் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்) போகவில்லை. ஆனாலும் அதன் வீரர் கரீம் அப்துல்-ஜப்பாருக்கு வீரர்கள் எம்விபி கொடுத்தார்கள். ஊடகத்தார் வாக்களிக்கத் தொடங்கிய பிறகு பிளேஆஃபுக்குத் தகுதி பெறாத அணியிலிருந்து ஒருவர்கூட எம்விபி ஆனதில்லை. ஆகவே 1981க்கு முந்தைய முடிவுகளை உங்கள் கணிப்புக் கணக்கு மாதிரியில் சேர்க்காதீர்கள். அவை வேறு மனிதர்கள் போட்ட வாக்கு.

எம்விபி சீட்டில் ஐந்து பெயர்கள். முதலிடத்துக்கு 10 புள்ளி, பிறகு 7, 5, 3, 1. சிறந்த தடுப்பாட்டக்காரர், ஆறாவது வீரர் (மாற்றாக இறங்குபவர்களில் சிறந்தவர்), அதிக முன்னேற்றம் கண்டவர், ரூக்கி (முதல் சீசன் ஆடுபவர்), பயிற்சியாளர் ஆகிய விருதுகளுக்கு மூன்று பெயர்கள். 5, 3, 1. ரெகுலர் சீசன் முடிந்ததும் வாக்களிப்பு முடிந்துவிடும். பிளேஆஃபில் நடப்பது எதுவும் கணக்கில் வராது. முடிவுகள் பிளேஆஃபின் நடுவில் அறிவிக்கப்படுவதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மே மாதம் ஒருவர் 45 புள்ளி அடித்தார் என்பதற்காக உங்கள் கணிப்பை மாற்றினால், ஏற்கெனவே மூடப்பட்ட பெட்டியைப் பார்த்துக் கணிப்பை மாற்றுகிறீர்கள்.

இந்தப் புள்ளிமுறை என்ன செய்யும் என்பதற்கு என்பிஏவை விடத் தெளிவான பாடம் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவில் 2023இல் கிடைத்தது. அங்கும் 10-7-5-3-1தான், வாக்காளர்கள் 60 பேர். அலிசா தாமஸ் 23 முதலிட வாக்குகள் பெற்றார், பிரியானா ஸ்டூவர்ட் 20, ஏஜா வில்சன் 17. விருது ஸ்டூவர்ட்டுக்குப் போனது: 446 புள்ளி. தாமஸ் 439, வில்சன் 433. ஸ்டூவர்ட்டுக்கு 23 பேர் இரண்டாமிடமும் 17 பேர் மூன்றாமிடமும் தந்திருந்தார்கள். தாமஸை முதலிடத்தில் வைக்காதவர்களில் 25 பேர் மூன்றாவதாகத் தள்ளிவிட்டார்கள். இரண்டாமிடம் தந்தவர்கள் 12 பேர் மட்டுமே. முதலிட வாக்குகளை மட்டும் எண்ணியவர்களுக்கு முடிவு அதிர்ச்சி. இரண்டு, மூன்றையும் எண்ணியவர்களுக்கு இல்லை. என்பிஏவிலும் இது புதிதல்ல. 1990இல் சார்லஸ் பார்க்லிக்கு 38 முதலிட வாக்குகள், மேஜிக் ஜான்சனுக்கு 27. ஆனால் 636க்கு 614 என்று மேஜிக் வென்றார். 2021 பயிற்சியாளர் விருதில் மாண்டி வில்லியம்ஸ் 45 முதலிட வாக்குகளோடு 340 புள்ளி, டாம் திபடோ 43 முதலிட வாக்குகளோடு 351.

அதனால் "இவருக்கு 55% வாய்ப்பு" என்று தலையில் தோன்றும் எண்ணை எழுதுவதற்குப் பதிலாக ஒரு சிறு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு போட்டியாளருக்கும் ஒரு வரிசை. முதலிடம், இரண்டாமிடம் என்று ஐந்து கட்டங்கள், ஆறாவது கட்டத்தில் "சீட்டில் பெயரே இல்லை". ஒவ்வொரு வரிசையின் கூட்டலும் 100 வர வேண்டும். முதல் ஐந்து கட்டங்களில் மேலிருந்து கீழாகக் கூட்டினாலும் 100தான் வர வேண்டும், ஏனென்றால் முதலிடம் மொத்தமே 100 பேர் தருவது. இந்த இரண்டாவது கூட்டலைச் சரிபார்க்காமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. எல்லாப் போட்டியாளருக்கும் தாராளமாக இரண்டாமிடம் கொடுத்துவிட்டு, கடைசியில் 100 சீட்டில் 140 இரண்டாமிடங்கள் நிற்கும். ஒரு உதாரணம்: முதலாமவர் 48 முதலிடம், 40 இரண்டாமிடம், 12 மூன்றாமிடம் என்றால் 480 + 280 + 60 = 820. இரண்டாமவர் 50 முதலிடம், 20 இரண்டாமிடம், 25 மூன்றாமிடம், 5 நான்காமிடம் என்றால் 500 + 140 + 125 + 15 = 780. முதலிட வாக்குகளில் முன்னணியில் இருப்பவர் 40 புள்ளி பின்தங்கிவிட்டார்.

இதிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து பெயர் சீட்டில், சர்ச்சைக்குரிய போட்டியாளர் பெரும்பாலும் மூன்றாமிடத்துக்குக் கீழே போகமாட்டார். அதிகபட்ச இழப்பு 10லிருந்து 5. மூன்று பெயர் சீட்டில் அவர் பெயரே விடுபட்டுப்போகலாம். இழப்பு முழு 5. ஆகவே பாதிப்பேர் கொண்டாடி, பாதிப்பேர் ஏற்காத வீரருக்கு தடுப்பாட்டக்காரர், ஆறாவது வீரர் விருதுகளில் நீங்கள் நினைப்பதைவிடக் குறைந்த வாய்ப்புதான் உண்டு. எல்லோரும் குறைந்தது இரண்டாவதாகவாவது எழுதும் வீரர் அங்கே பலசாலி.

இனி 65 ஆட்ட விதி. 2023-24 முதல் எம்விபி, சிறந்த தடுப்பாட்டக்காரர், அதிக முன்னேற்றம், ஆல்-என்பிஏ (சீசனின் சிறந்த வீரர்கள்), ஆல்-டிஃபென்சிவ் (சிறந்த தடுப்பாட்டக்காரர்கள்) அணிகள் ஆகியவற்றுக்குக் குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். ரூக்கிக்கும் ஆறாவது வீரருக்கும் இந்த விதி இல்லை. கணிப்புகள் வீணாவதற்கு இன்று இதைவிடப் பெரிய காரணம் இல்லை. 2023-24இல் ஜோயல் எம்பீட் ஆட்டத்துக்கு 34.7 புள்ளி அடித்துக்கொண்டிருந்தார். முழங்கால் காயத்தால் 39 ஆட்டங்களோடு முடிந்தது. 2024-25இல் விக்டர் வெம்பன்யாமா ஆட்டத்துக்கு 3.8 பிளாக்கோடு (எதிரணியின் எறியைத் தட்டித் தடுப்பது) தடுப்பாட்ட விருதை எடுத்துக்கொண்டு போவது போலவே இருந்தது. பிப்ரவரியில் தோளில் ரத்த உறைவு கண்டுபிடிக்கப்பட்டு 46 ஆட்டங்களோடு நின்றார். விருது எவன் மோப்ளிக்குப் போனது. பழைய முடிவுகளைப் படிக்கும்போதும் இதை மனதில் வையுங்கள்: 2023இல் அதே விருதை வென்ற ஜாரன் ஜாக்சன் ஜூனியர் ஆடியது 63 ஆட்டங்கள். இன்றைய விதிப்படி அவர் பெயர் சீட்டிலேயே வந்திருக்காது.

விதியின் நுணுக்கங்களைப் படிக்காமல் ஆட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஒரு ஆட்டம் கணக்கில் சேர வீரர் குறைந்தது 20 நிமிடம் களத்தில் இருக்க வேண்டும். 15 முதல் 20 நிமிடத்துக்குள் ஆடிய ஆட்டங்களில் இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் காலாண்டில் கணுக்கால் மடங்கி 9 நிமிடத்தில் வெளியேறினால், பட்டியலில் அது "ஆடிய ஆட்டம்"; விருதுக்கு அது ஆடாத ஆட்டம். எனவே ஒவ்வொரு முக்கியப் போட்டியாளரின் ஆட்ட அறிக்கைகளையும் திறந்து நிமிடங்களை நீங்களே எண்ணி வையுங்கள். இன்னொரு விலக்கு: 62 ஆட்டங்களாவது ஆடியபின் சீசனையே முடித்துவிடும் காயம் பட்டு, அதுவரை அணி ஆடிய ஆட்டங்களில் 85 சதவீதமாவது ஆடியிருந்தால் தகுதி உண்டு.

கணக்கு இப்படிப் போகும். 82 ஆட்டங்களில் 17ஐத் தவறவிடலாம். அணி 50 ஆட்டம் முடித்திருக்கிறது, உங்கள் வீரர் ஏற்கெனவே 12 தவறவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 32 ஆட்டங்களில் 5 மட்டுமே தவறலாம். ஒவ்வொரு ஆட்டத்தையும் அவர் தவறவிடும் வாய்ப்பு 12% என்று கொண்டால், ஈருறுப்புக் கணக்கில் தகுதி பெறும் வாய்ப்பு சுமார் 82% வருகிறது. ஆனால் இந்த 82ஐ அப்படியே நம்பாதீர்கள். அந்தக் கணக்கு ஒவ்வொரு ஆட்டத்தையும் தனித்தனி நாணயச் சுண்டலாக எடுத்துக்கொள்கிறது. காயங்கள் அப்படி வருவதில்லை, கொத்தாக வரும். தொடைத்தசை இழுத்துக்கொண்டால் ஒரு ஆட்டம் போகாது, எட்டு பத்து போகும். ஓய்வுக்காக அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்காரும் வீரர் என்றால் 82க்கு அருகில் வையுங்கள், ஏனென்றால் எல்லை நெருங்கும்போது அணியே அவரை ஆட வைக்கும். முழங்கால், முதுகு என்று திரும்பத் திரும்ப வரும் தொல்லை உள்ளவர் என்றால் நான் 65க்கும் 70க்கும் இடையில்தான் எழுதுவேன்.

பிறகு இரண்டையும் பெருக்குங்கள்: தகுதி பெறும் வாய்ப்பு × தகுதி பெற்றால் வெல்லும் வாய்ப்பு. 0.70 × 0.60 = 0.42. எல்லோரும் முன்னணி என்று சொல்லும் வீரர் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறார். மிச்சமுள்ள பங்கு யாருக்குப் போகிறது என்பதையும் எழுத வேண்டும். முன்னணி வீரர் விலகினால் அவருடைய வாக்குகள் மற்றவர்களுக்குச் சமமாகப் பிரிவதில்லை, பெரும்பாலும் அடுத்திருப்பவருக்குக் குவியும். இரண்டாமிடத்தில் ஆரோக்கியமாக ஆடிக்கொண்டிருக்கும் வீரரின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

எம்விபிக்கு வருவோம். 2018 முதல் 2025 வரையிலான எட்டு எம்விபிகளில் ஏழு பேரின் அணி தன் கான்ஃபரன்சில் (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) முதல் மூன்று இடங்களுக்குள் முடித்தது. விதிவிலக்கு 2022இல் நிகோலா யோகிச். அவருடைய நகெட்ஸ் அணி 48 வெற்றி, 34 தோல்வி, ஆறாமிடம். அதற்கு முந்தைய ஆண்டு 2017இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கும் அப்படித்தான். அவருடைய தண்டர் அணி 47-35, ஆறாமிடம். இந்த இரண்டு விதிவிலக்குகளையும் நன்றாகப் படியுங்கள். வெஸ்ட்புரூக் 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட் (தவறிய எறியின் பந்தைப் பிடிப்பது), 10.4 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கத் தரும் பாஸ்) என்று முழு சீசனும் ட்ரிபிள்-டபுள் சராசரி, அதாவது மூன்றிலும் இரட்டை இலக்கம், வைத்தார். 1961-62இல் ஆஸ்கர் ராபர்ட்சனுக்குப் பிறகு யாரும் செய்யாதது. யோகிச் 2022இல் முக்கியத் துணை வீரர்களான ஜமால் மர்ரேயும் மைக்கேல் போர்ட்டர் ஜூனியரும் காயத்தில் இருக்க அணியைத் தனியாக இழுத்தார். அதாவது ஆறாமிடத்து அணியிலிருந்து வெல்ல, வாக்காளர் தன் வாசகர்களுக்கு ஒரே வரியில் சொல்லக்கூடிய நியாயம் வேண்டும்.

இப்போது 2025ஐப் பாருங்கள். யோகிச் 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட். எண்களில் வெஸ்ட்புரூக்கின் சீசனுக்குக் குறைந்ததல்ல. ஆட்டத் திறனில் அதைவிட மேல் என்றே நான் சொல்வேன். ஆனால் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 71 முதலிட வாக்குகள், யோகிச் 29. புள்ளிகள் 913, 787. ஷாயின் தண்டர் 68 ஆட்டங்கள் வென்றது, நகெட்ஸ் 50. ஷாய் 32.7 என்ற சராசரியோடு லீக்கிலேயே அதிகப் புள்ளி அடித்தவர். அதோடு, ட்ரிபிள்-டபுள் சராசரி 2017இல் அதிசயம். வெஸ்ட்புரூக்கே அதை நான்கு சீசன்களில் செய்து முடித்தபின் 2025இல் அது பழகிப்போன எண். ஒரே புள்ளிவிவரத்துக்கு ஆண்டுக்கு ஆண்டு விலை மாறுகிறது. எட்டு ஆண்டுத் தரவை ஒன்றாகக் கொட்டி ஒரு சமன்பாட்டைப் பொருத்தினால் இந்த மாற்றம் அதில் தெரியவே தெரியாது.

ஒருவருக்கே திரும்பத் திரும்ப வாக்களிக்கத் தயங்கும் வாக்காளர் சலிப்பு என்று சொல்வார்களே, அது உண்மைதான். ஆனால் பெரும்பாலோர் நினைப்பதைவிடச் சிறியது. மூன்று ஆண்டு தொடர்ந்து வென்றவர்கள் பில் ரஸ்ஸல், வில்ட் சேம்பர்லின், லாரி பேர்ட் மட்டுமே. 1997இல் 69 ஆட்டங்கள் வென்ற புல்ஸ் அணியின் மைக்கேல் ஜோர்டன் 957 புள்ளி. கார்ல் மலோன் 986 புள்ளியோடு விருதைப் பெற்றார். 2023இல் தொடர்ந்து மூன்றாவது விருதை நோக்கி வந்த யோகிச்சுக்கு 15 முதலிட வாக்குகள்தான், எம்பீடுக்கு 73. ஆனாலும் அடுத்த ஆண்டே யோகிச் 79 முதலிட வாக்குகளோடு வென்றார். இதை ஒரு நிரந்தர அபராதமாக மாதிரியில் எழுதாதீர்கள். போட்டி உண்மையிலேயே சமமாக இருக்கும்போது மட்டும் முந்தைய ஆண்டு விருது வென்றவரிடமிருந்து ஐந்து முதல் பத்து முதலிட வாக்குகளைக் கழித்து அடுத்தவருக்குக் கொடுங்கள். அதற்கு மேல் கழித்தால் தவறு உங்கள் பக்கம்.

வாக்காளர் மனதை அளக்க நேரடிக் கருவிகளும் உள்ளன. ஈஎஸ்பிஎன் நிருபர் டிம் பான்டெம்ப்ஸ் சீசனின் நடுவே 100 ஊடகத்தாரிடம் அதே 10-7-5-3-1 முறையில் மாதிரி வாக்கெடுப்பு நடத்துகிறார். பேஸ்கட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் பழைய வாக்குகளைக் கொண்டு கட்டிய எம்விபி கணிப்புப் பட்டியல் உண்டு. பந்தயச் சந்தை விலைகளையும் நிகழ்தகவாக மாற்றிப் படிக்கலாம். பணம் கட்ட வேண்டியதில்லை. தசம விலை (1 ரூபாய் கட்டி வென்றால் திரும்பக் கிடைக்கும் தொகை) 1.50 என்றால் 1 ÷ 1.50 = 66.7%. விலை 4.00 என்றால் 25%. எல்லாப் போட்டியாளரையும் கூட்டினால் 110, 120 என்று வரும். மிகுதி நடத்துபவரின் லாபம். ஒவ்வொன்றையும் மொத்தத்தால் வகுத்து 100க்குக் கொண்டுவாருங்கள். கடைசி வரிசையில் நிற்கும் பெயர்களின் வாய்ப்பை இந்த விலைகள் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் உண்டு. அவற்றை இன்னும் குறைத்து எழுதுங்கள். முக்கிய எச்சரிக்கை ஒன்று: மாதிரி வாக்கெடுப்பு வெளியான மறுநாள் சந்தை விலை அதை நோக்கி நகரும். இரண்டும் ஒரே பெயரைச் சொல்வதால் இரண்டு சாட்சிகள் கிடைத்துவிட்டதாக எண்ணாதீர்கள். ஒரே சாட்சி இரண்டு முறை பேசுகிறது.

தடுப்பாட்ட விருதில் முதலில் உயரத்தைப் பாருங்கள், அடுத்து அணியை. 1996இல் கேரி பேட்டனுக்குப் பிறகு ஒரு கார்டு (பந்தைக் கொண்டுசெல்லும், பொதுவாக உயரம் குறைந்த வீரர்) இந்த விருதை வெல்ல 2022இல் மார்கஸ் ஸ்மார்ட் வர வேண்டியிருந்தது. ஸ்மார்ட்டின் செல்டிக்ஸ் அந்த ஆண்டு லீக்கிலேயே முதல் தடுப்பு அணி. 2024இல் நான்காவது முறை வென்ற ரூடி கோபேரின் டிம்பர்வுல்வ்ஸும் அப்படியே. அந்த ஆண்டு ரூக்கியாக இருந்த வெம்பன்யாமா தனிமனித எண்களில் மிரட்டினார்; அணி பலவீனமானது, இரண்டாமிடம்தான். எனவே 100 முறை பந்தைக் கையில் வைத்திருக்கும்போது எதிரணி எத்தனை புள்ளி எடுக்கிறது என்ற அணி அளவீட்டை முதல் வடிகட்டியாக வையுங்கள். முதல் பத்துக்கு வெளியே இருக்கும் அணியின் வீரருக்கு, பிளாக் எத்தனை இருந்தாலும், வாய்ப்பைப் பாதியாகக் குறையுங்கள். ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எண்ணிக்கை தலைப்புச் செய்தி ஆகும், ஆனால் இந்த விருதை அது மட்டும் கொண்டுவராது. 2025இல் ஆட்டத்துக்கு 3 ஸ்டீல் எடுத்த டைசன் டேனியல்ஸ் இதில் இரண்டாவது. அவருக்கு அதிக முன்னேற்ற விருது கிடைத்தது.

அந்த அதிக முன்னேற்ற விருதுக்கு நம்பகமான ஒரு முன்னறிகுறி பிப்ரவரியிலேயே கிடைத்துவிடுகிறது: முதல்முறை ஆல்-ஸ்டார் (சீசன் நடுவில் நடக்கும் நட்சத்திர ஆட்டம்) தேர்வு. 2017 முதல் 2025 வரை வென்ற ஒன்பது பேரில் ஏழு பேர் அதே சீசனில்தான் முதன்முதலாக ஆல்-ஸ்டார் ஆனார்கள்: யானிஸ், ஒலாடிப்போ, இங்கிராம், ராண்டில், மொரான்ட், மார்க்கனன், மாக்ஸி. 2019இல் சியாகமும் 2025இல் டேனியல்ஸும் மட்டுமே விலகல். பெயருக்கேற்ப, அடிமட்டத்திலிருந்து பயனுள்ள வீரராக உயர்ந்தவருக்கு இந்த விருது போக வேண்டும் என்பது பலரின் நியாயமான விருப்பம். வாக்குகள் அப்படி விழுவதில்லை. 2024இல் கோபி ஒயிட் அந்த வகை வீரர். 305 புள்ளியோடு மாக்ஸியின் 319க்கு அருகில் வந்தார், தாண்டவில்லை. நவம்பர் மாதப் பட்டியல்களை இந்த விருதில் குறிப்பாக நம்பாதீர்கள். 20 ஆட்டங்களில் ஒருவர் 120 மூன்று-புள்ளி எறிகள் எடுத்திருப்பார். 37% திறன் உள்ளவர்கூட அந்த எண்ணிக்கையில் வெறும் அதிர்ஷ்டத்தால் 33லும் நிற்கலாம், 41லும் நிற்கலாம். எறிதல் சதவீதத்தால் உயர்ந்தவர் இறங்குவார். ஆடும் நிமிடமும் பந்தைக் கையாளும் பங்கும் கூடியதால் உயர்ந்தவர் பெரும்பாலும் நிற்பார்.

ஆறாவது வீரர் விருதில் தகுதி எளிது: தொடக்க ஐவரில் இறங்கிய ஆட்டங்களைவிட பெஞ்சிலிருந்து வந்தவை அதிகம் இருக்க வேண்டும். சக வீரருக்குக் காயம் பட்டால் உங்கள் போட்டியாளர் தொடக்க ஐவருக்கு உயர்த்தப்படுவார். நல்ல செய்தி போலத் தெரிந்தாலும் இந்த விருதுக்கு அது கெட்ட செய்தி. 2010 முதல் 2019 வரையிலான பத்து விருதுகளில் ஆறு ஜமால் கிராஃபோர்டும் லூ வில்லியம்ஸும் பகிர்ந்துகொண்டவை. அப்போது பெஞ்சிலிருந்து அதிகப் புள்ளி அடிப்பவரைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் போதும். சமீபத்தில் அணியின் வெற்றிக்கு எடை கூடியிருக்கிறது. 2024இல் மலீக் மாங்க் 15.4 புள்ளி, நாஸ் ரீட் 13.5. ஆனால் டிம்பர்வுல்வ்ஸ் 56 வெற்றி, கிங்ஸ் 46. மாங்க் மார்ச் கடைசியில் முழங்கால் காயத்தால் மீதி ஆட்டங்களை இழந்தார். ரீட் 352, மாங்க் 342. பத்துப் புள்ளி என்பது இரண்டு முதலிட வாக்கு. 2023இல் பிராக்டனும் 2025இல் பிரிச்சர்டும் வென்றபோது அவர்களின் செல்டிக்ஸ் முறையே 57, 61 வெற்றிகள்.

பயிற்சியாளர் விருதுக்கு ஒரே எண் போதும் என்றே சொல்வேன்: சீசனுக்கு முன் எதிர்பார்க்கப்பட்ட வெற்றிகளுக்கும் கிடைத்த வெற்றிகளுக்கும் உள்ள இடைவெளி. 2023இல் மைக் பிரவுன் 16 சீசன் பிளேஆஃப் காணாத கிங்ஸை 48 வெற்றிக்குக் கொண்டுவந்து ஒருமனதாக வென்றார். 2024இல் மார்க் டெய்க்னால்ட்: 40லிருந்து 57. 2025இல் கென்னி அட்கின்சன்: 48லிருந்து 64. ஆண்டாண்டாகச் சிறந்து விளங்குபவருக்கு இந்த முறை அநியாயம் செய்கிறது. ஃபில் ஜாக்சனுக்கு வாழ்நாளில் ஒரே முறைதான் கிடைத்தது, ஜெர்ரி ஸ்லோனுக்குக் கிடைக்கவே இல்லை. செப்டம்பர் கடைசியிலேயே எல்லா அணிகளின் எதிர்பார்ப்பு எண்ணையும் குறித்து வையுங்கள், பிறகு தேடினால் நினைவு உங்களை ஏமாற்றும். பயிற்சியாளர்கள் சங்கம் தனியாக ஒரு விருது தருகிறது. அதை வாக்களிப்பவர்கள் பயிற்சியாளர்களே. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ரூக்கி விருதில் நிமிடமும் ஆட்ட எண்ணிக்கையும் பேசும். 2017இல் எம்பீட் 20.2 சராசரி வைத்தும் 31 ஆட்டங்களே ஆடியதால் மூன்றாமிடம். புதிய வீரர்களை அணிகள் எடுக்கும் தேர்வில் 36ஆவதாகத் தேர்வான பிராக்டன் 10.2 சராசரியோடு வென்றார். காயத்தால் முழு சீசனையும் இழந்து அடுத்த ஆண்டு இறங்குபவர் அப்போதுதான் ரூக்கி ஆவார் என்பதால், 2018இல் பென் சிம்மன்ஸ் போல, முந்தைய ஆண்டுத் தேர்வுகளையும் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். 2022-23இல் தொடங்கிய கிளட்ச் வீரர் (நெருக்கடியான இறுதி நிமிடங்களில் சிறந்தவர்) விருதுக்கு, கடைசி ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் ஐந்து புள்ளிக்குள் இருக்கும்போது அடித்த மொத்தப் புள்ளிகளின் பட்டியலை இறக்கி முதல் மூவரைப் பார்த்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

ஆல்-என்பிஏ அணிகளைக் கணிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2023-24 முதல் அங்கே ஆடும் இடம் பார்ப்பதில்லை. எந்த 15 பேரும் வரலாம். முன்பு சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) ஒருவருக்குத்தான் முதல் அணியில் இடம் என்பதால், எம்விபியில் இரண்டாமிடம் வந்த எம்பீட் 2021, 2022இலும், யோகிச் 2023இலும் இரண்டாம் அணிக்குப் போனார்கள். அந்த ஆண்டுகளின் முடிவுகளைப் பயிற்சித் தரவாகப் பயன்படுத்தினால் உங்கள் மாதிரி சென்டர்களைத் தேவையில்லாமல் கீழே தள்ளும்.

வேலையை எப்போது செய்வது? அக்டோபரில் முதல் அட்டவணை போடுங்கள், யாருக்கும் 35%க்கு மேல் தராமல். 20 ஆட்டங்களுக்குப் பிறகு ஒருமுறை, ஆனால் சிறிதளவே மாற்றுங்கள். வீரர் பரிமாற்றக் கெடுவும் ஆல்-ஸ்டார் தேர்வும் முடிந்த பிப்ரவரி நடுவில் முழுமையாக மறுபடி எழுதுங்கள். ஆண்டின் மிக முக்கியமான திருத்தம் அதுதான். மார்ச் நடுவிலிருந்து வாரம் ஒருமுறை தகுதிக் கணக்கையும் காயச் செய்தியையும் மட்டும் புதுப்பித்தால் போதும். ஏப்ரல் முதல் வாரத்தில் வாக்காளர்கள் தங்கள் சீட்டைப் பற்றிக் கட்டுரைகளிலும் பாட்காஸ்டுகளிலும் பேசத் தொடங்குவார்கள். அவற்றிலிருந்து பதினைந்து இருபது சீட்டுகளைச் சேகரிக்க முடிந்தால், அது எந்தச் சமன்பாட்டையும்விட நல்ல சான்று. வெளியே பேசுபவர்கள் மொத்த 100 பேரின் சரியான மாதிரி அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்து, அந்தப் பங்கிலிருந்து கொஞ்சம் நடுவை நோக்கி இழுத்துக்கொள்ளுங்கள்.

கணிப்புக்கு மதிப்பெண் போடாமல் விடாதீர்கள். மூன்று பேருக்கு 60, 30, 10 என்று எழுதியிருந்து முதலாமவர் வென்றால், வென்றவருக்கு 1, மற்றவர்களுக்கு 0 என்று கொண்டு வரும் பிழைகளின் வர்க்கக் கூட்டல் 0.16 + 0.09 + 0.01 = 0.26. இரண்டாமவர் வென்றால் 0.36 + 0.49 + 0.01 = 0.86. எண் சிறியதாக இருக்க வேண்டும். முடிவு வந்தபின் லீக் ஒவ்வொரு வாக்காளரின் சீட்டையும் பெயரோடு வெளியிடுகிறது. அதை இறக்கி உங்கள் ஆறு கட்ட அட்டவணைக்குப் பக்கத்தில் வையுங்கள். பிழை தகுதிக் கணக்கில் வந்ததா, முதலிடப் பங்கில் வந்ததா, அல்லது இரண்டாம் மூன்றாம் இடங்களில் வந்ததா என்று மூன்றாகப் பிரித்து எழுதி வைத்துவிட்டால், அடுத்த அக்டோபரில் எந்தக் கட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.